நூற்று முப்பத்தெட்டு சென்டிமீட்டர் பலகை

கனஸாவா
டிசம்பர் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரியே எழுதுகிறேன். இரண்டு நாளாக இங்கே கடலில் இடி. இந்த இடிக்குப் பின்னால் புரி மீன் வரும் என்று சந்தையில் எல்லோருக்கும் சந்தோஷம். துணி காயவில்லை என்று எனக்கு எரிச்சல். கமிஸாவாவில் பனி இறங்கிவிட்டதாகச் செய்தியில் காட்டினார்கள். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கூரைப் பனியைத் தள்ள நீயே ஏறாதே. ஐம்பத்தொரு வயதாகிறது, ஆள் வைத்துக்கொள்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்து நீ வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும். பயப்படாதே, மூன்று வருஷத்துக்கு முன் நடந்ததைப் பற்றி இதில் ஒரு வார்த்தையும் இல்லை.

எங்கள் பஸ் நிலைய டிக்கெட் கவுண்டரில் மிஹாரு என்று ஒரு பெண். நாற்பத்தெட்டு வயது. முன்பே கொஞ்சம் பனிச்சறுக்குப் பலகை பழகியவர். இங்கே வந்தபிறகு மூன்று குளிர்காலமாக ஹகுசான் மலைப் பக்கத்துச் சரிவுக்கு ஒரு லீவு நாள் விடாமல் போகிறார். ஓரளவுக்கு ஓட்டுவார், நடுத்தரம் என்று வைத்துக்கொள். அதற்கு மேலே ஏற முடியாமல் அங்கேயே நிற்கிறார். சொந்தமாக ஒரு பலகை வாங்க வேண்டுமாம். உயரம் நூற்று அறுபத்தொன்று. என்ன அளவு வாங்கலாம்? எண்ணை மட்டும் சொன்னால் போதும்.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

ஒரியே


கமிஸாவா
டிசம்பர் 9

ஒரியேவுக்கு,

கடிதம் கிடைத்தது. இடுப்பு இருக்கிறது, வலியும் இருக்கிறது. கூரைக்கு நேற்றே ஏறிவிட்டேன்.

எண்ணை மட்டும் சொல் என்கிறாய். நான் என்ன லாட்டரிச் சீட்டா விற்கிறேன்? இருபத்தாறு வருஷமாக வாடகைக் கடை வைத்து, பலகைக்கு மெழுகு தேய்த்துத் தேய்த்துக் கைரேகையே அழிந்துவிட்டது. என் சொந்தத் தங்கை உயரத்தை மட்டும் எழுதி அளவு கேட்கிறாள்! போன ஞாயிற்றுக்கிழமை டோக்கியோவிலிருந்து ஒருவர் வந்தார். பலகையை நிமிர்த்தி வைத்து மோவாயோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மோவாய்க்கு வந்தாப் போதும்னு வீடியோவுல சொன்னாங்க" என்றார்.

"உங்க மோவாயா சார் பனியில சறுக்கப்போகுது?" என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார். போகட்டும்.

பலகைக்குக் கண் கிடையாது. மேலே நிற்பவர் எவ்வளவு உயரம் என்று அதற்குத் தெரியாது. எவ்வளவு அழுத்துகிறார் என்பது மட்டும்தான் தெரியும். ஆகவே முதலில் எடை. வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்ல வேண்டாம் என்று அந்த அம்மாளிடம் சொல். ஏமாறப்போவது நான் இல்லை, அவர்தான். இரண்டாவது, பூட்ஸ் அளவு. மூன்றாவது, எந்தக் கால் முன்னால். இப்போது எந்தப் பலகையில் ஓட்டுகிறார், அதில் எங்கே, எப்படி விழுகிறார் என்பதையும் எழுது. நடுத்தரம் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வளைந்து வளைந்து அழகாக இறங்குகிறவரும் நடுத்தரம் என்கிறார், கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிறவரும் நடுத்தரம் என்கிறார்.

அங்கே எல்லோரும் சௌக்கியம்தானே.

ஷிகெனோரி


கனஸாவா
டிசம்பர் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

திட்டி எழுதியிருந்தாலும் ஒரே வாரத்தில் உட்கார்ந்து எழுதினாய் என்று தபால் முத்திரை சொல்கிறது. சந்தோஷம். இந்தக் கடிதத்தோடு இடுப்புக்கு ஒட்டும் மருந்துப் பட்டைகள் வைத்திருக்கிறேன்.

"எல்லோரும் சௌக்கியம்தானே" என்று கேட்டாய். யாரைக் கேட்கிறாய் என்று எழுதவில்லை. ஆகவே பொதுவாகச் சொல்கிறேன், எல்லோரும் சௌக்கியம்.

மிஹாருவிடம் எடையைக் கேட்டேன். கவுண்டரில் ஆட்கள் வரிசையில் நிற்கும்போதே சிரித்துக்கொண்டு சொன்னார், "அறுபத்தெட்டு. காலைல சாப்பிட்டதும் சேர்த்து." பூட்ஸ் இருபத்தைந்தரை. வலது கால் முன்னால். பலகை நூற்று முப்பத்தெட்டு. பழையது, தெரிந்தவர் கொடுத்தது.

எப்படி விழுகிறார் என்று நானே ஒருநாள் கூடப் போய்ப் பார்த்தேன். காலைப் பனி கெட்டியாக இருக்கும்போது குதிகாலில் சாய்ந்து திரும்பினால் பலகை படபடவென்று உதறி வழுக்கிவிடுகிறது. விரல் பக்கம் சாய்ந்தால் பூட்ஸின் முனை பனியில் குத்தி ஆளைத் தூக்கி எறிகிறது. புதுப் பனியில் பலகையின் மூக்கு உள்ளே புதைகிறது. எழுந்து பனியைத் தட்டிவிட்டு மறுபடி மேலே போகிறார். அன்று பதினான்கு தடவை எண்ணினேன்.

"எனக்குக் கால் வராது ஒரியே. எல்லாருக்கும் எல்லாம் வந்துடுமா?" என்று நூடுல்ஸ் சாப்பிடும்போது சொன்னார். ரொம்ப நாளாகக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன வாக்கியத்தைச் சொல்வதுபோல் இருந்தது.

சீக்கிரம் எழுது. புது வருஷ விற்பனைக்குள் வாங்க நினைக்கிறார்.

ஒரியே


கமிஸாவா
டிசம்பர் 24

ஒரியேவுக்கு,

நலம். பட்டை ஒட்டிக்கொண்டேன், தேவலாம். கடையில் கால் வைக்க இடமில்லை, இருந்தாலும் உன் கடிதத்தைப் படித்தபிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வாடிக்கையாளரைக் காக்க வைத்துவிட்டு எழுதுகிறேன்.

நூற்று முப்பத்தெட்டா! அறுபத்தெட்டு கிலோ உள்ளவருக்கு நூற்று முப்பத்தெட்டா! அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் செய்கிற பலகை. நாற்பது, நாற்பத்தைந்து கிலோவைத் தாங்குவதற்காக வளைத்தது. இவர் ஏறி நின்றால் அது தன் வளைவை இழந்து தட்டையாகிவிடும், பிறகு விளிம்பு இரும்பு எப்படிப் பனியைப் பிடிக்கும்? உதறத்தான் செய்யும். அகலமும் போதாது. இருபத்தைந்தரை பூட்ஸ் இரண்டு பக்கமும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பலகையைச் சாய்த்தால் விளிம்புக்கு முன்னால் பூட்ஸ் போய்ப் பனியில் இடிக்கும். இடித்தால் தூக்கித்தான் எறியும். எழுதியிருக்கிறாயே, பதினான்கு தடவை. அந்தப் பலகையில் நான் ஏறினாலும் பதினான்கு தடவை விழுவேன்.

இவர் வாங்க வேண்டியது நூற்று ஐம்பது. குளிர் உடை, ஹெல்மெட் எல்லாம் சேர்த்தால் எழுபத்திரண்டு கிலோ ஆகும், அதற்கு அதுதான். நூற்று நாற்பத்தேழுக்குக் கீழே யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. நூற்று ஐம்பத்துநான்குக்கு மேலே போனால் திருப்புவதற்குள் தொடை வலித்துவிடும். விறைப்பு நடுத்தரமாக இருக்கட்டும். பந்தயக்காரர்களின் இரும்பு மாதிரி விறைத்த பலகை வேண்டாம். வாங்குமுன் பலகையைக் கவிழ்த்து அதன்மேல் பூட்ஸை வைத்துப் பார்க்கச் சொல். இரண்டு பக்கமும் விரல் நுனியளவு நீட்டிக்கொண்டிருந்தால் சரி, அதற்குமேல் கூடாது.

கடைசியாக ஒன்று. அந்தப் பலகையைக் கொடுத்த ஆள் யார்? தெரிந்தவராம்! பூட்ஸை ஒருமுறை வைத்துப் பார்த்திருந்தால் போதுமே. அதைக்கூடச் செய்யாதவன் இந்தத் தொழிலில் இருந்தால் அவனைக் கடையோடு சேர்த்துப் பனியில் புதைக்க வேண்டும். திறமை இருக்கிற ஒரு பெண்ணைக் கால் வராதவள் என்று நம்ப வைத்திருக்கிறான் பாவி. அந்த அம்மாளிடம் நான் சொன்னதாகச் சொல், "நீங்க விழல, உங்களைத் தள்ளிவிட்டிருக்காங்க." உதறுகிற பலகையில் மூன்று வருஷம் நின்றவர், சரியான பலகையில் பறப்பார்.

அவன் பேரைக் கேட்டு எழுது. இங்கே நீகாத்தா பக்கத்து ஆளாக இருந்தால் நான் நேரிலேயே போய்க் கேட்கிறேன்.

ஷிகெனோரி


கனஸாவா
ஜனவரி 4

அண்ணாவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். நீ நலமாக இருக்க வேண்டும்.

பேரைக் கேட்டாய். முரகோஷி ஷிகெனோரி. கமிஸாவாவில் வாடகைக் கடை வைத்திருக்கிறார். நேரில் போய்க் கேட்க நீ ரொம்ப தூரம் நடக்க வேண்டியதில்லை.

மிஹாரு என்று யாரும் இல்லை. அது இகுயோ அண்ணி.

உன்னைச் சிக்க வைக்க நான் எழுதவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஓர் எண் மட்டும். அண்ணியின் பேரைச் சொன்னால் நீ கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய் என்றுதான் பேரை மாற்றினேன். நீயாகக் கேள்விமேல் கேள்வி கேட்டாய், நான் பதில் எழுதினேன். எடையை எழுதினேன், பூட்ஸை எழுதினேன், எந்தக் கால் முன்னால் என்று எழுதினேன், எத்தனை சென்டிமீட்டர் என்பதையும் எழுதினேன். இந்தக் கடிதத்தோடு கண்டுபிடித்துவிடுவான் என்று ஒவ்வொரு தடவையும் தபால் பெட்டிமுன் நின்று யோசித்தேன். பத்து வருஷத்துக்கு முன் வந்த ஒசாகா டாக்டரின் பூட்ஸ் அளவு உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பதினாறு குளிர்காலம் உன் வீட்டில் இருந்தவரை நீ அடையாளம் கண்டுபிடிக்கவில்லை.

உன் கடையில் இருநூறு பலகைகள். அண்ணிக்குக் கிடைத்தது, விளிம்பு கீறிப்போய் வாடகைக்குத் தள்ள முடியாத ஒரு பிள்ளைப் பலகை. அதில் ஏற்றிவிட்டு, "எங்க வீட்டம்மாவுக்குப் பனியே பகை" என்று கவுண்டரில் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒரு முன்பின் தெரியாத மிஹாருவுக்காக வாடிக்கையாளரைக் காக்க வைத்துவிட்டு நாலு பக்கம் கொதித்து எழுத உன்னால் முடிந்திருக்கிறது. அதில் கால் பக்கம் அண்ணிக்குக் கொதித்திருந்தால்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒரியே


கனஸாவா
ஜனவரி 25

அண்ணாவுக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உங்கள் பள்ளத்தாக்கில் இரண்டு மீட்டர் பனி என்று பேப்பரில் போட்டிருந்தான். கூரை இருக்கிறதா? கீழே நீ இருக்கிறாயா? கடைக்குப் போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு சாப்பாட்டு விடுதி ஒகாதாவுக்குப் போன் செய்தேன். "இருக்கான், இருக்கான். எல்லார் மேலயும் எரிஞ்சு விழுறான்" என்றார். எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

கோபமாக இருந்தால் கோபமாகவாவது எழுது.

ஒரியே


கமிஸாவா
பிப்ரவரி 6

ஒரியேவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். கூரையும் இருக்கிறது.

நீ செய்தது நியாயமா? கூடப்பிறந்தவளே பொய்ப் பேர் வைத்து என்னைப் பேச வைத்து, நான் பேசியதை எடுத்து என் முகத்திலேயே எறிந்திருக்கிறாய். உன் ஜனவரிக் கடிதத்தை அடுப்பில் போட எடுத்துப் போனேன். ஒருதரம் இல்லை, பலதரம்.

என் பக்கமும் கேள். சீசனில் காலை ஏழு மணிக்கு நாற்பது பேர் வாசலில் நிற்பார்கள். நூற்று ஐம்பதுகள் எல்லாம் முதல் அரை மணி நேரத்தில் போய்விடும். வீட்டு ஆள் கடைசியில்தான் எடுக்க முடியும். எந்தக் கடையில் வேண்டுமானாலும் போய்ப் பார், முதலாளியின் பெண்டாட்டி எதில் ஓட்டுகிறாள் என்று. அவள் வேறு பலகை வேண்டும் என்று கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா? வாயைத் திறந்து ஒருநாளும் கேட்காதவள் தங்கையை விட்டு இப்போது கேட்கிறாள்.

இவ்வளவும் ஜனவரியிலேயே எழுதி வைத்தேன். அனுப்பவில்லை. தினமும் நாற்பது பேருக்குப் பூட்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன். ஆளைப் பார்த்ததும் அளவு வாயில் வந்துவிடும். அவள் பூட்ஸ் என்ன அளவு என்று எத்தனை யோசித்தும் எனக்கு வரவில்லை. இருபத்தைந்தரை என்பது நீ எழுதித்தான் எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதம் வருவதற்குள் ஒரு பெட்டி வந்திருக்கும். புதுப் பலகை, நூற்று ஐம்பது. விளிம்பை நானே தீட்டி மூன்று கை மெழுகு வைத்திருக்கிறேன். அவளிடம் கொடுத்துவிடு. நான் கொடுத்ததாகச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் சரி. தப்பு என்னுடையது என்று எழுதியிருக்கிறேன் என்றும் சொல். மன்னிப்பாளா என்று தோது பார்த்துக் கேள்.

குளிரில் ஜாக்கிரதை.

ஷிகெனோரி


கனஸாவா
பிப்ரவரி 21

முரகோஷி அவர்களுக்கு,

குளிர் இன்னும் விடவில்லை. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம்.

உங்கள் பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வந்து சேர்ந்ததும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரியே எல்லாக் கடிதங்களையும் காட்டினாள். எடையைக் கேட்டபோதே அவள் யாருக்காகக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் ஐந்து கேள்வி கேட்டுவிட்டு அளவு சொல்கிற ஆள் ஒருவர்தான். தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். உங்கள் வாயிலிருந்து எனக்கு ஒரு நல்ல பதில் கிடைக்க நான் வேறொருத்தியாக இருக்க வேண்டியிருந்தது.

நான் கேட்டதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டேன். கல்யாணமாகி மூன்றாவது குளிர்காலம். நீங்கள் விளிம்பு தீட்டிக்கொண்டிருந்தீர்கள். "எனக்கு இன்னும் கொஞ்சம் நீளமா ஒண்ணு கிடைக்குமா?" என்றேன். தலையைத் தூக்காமலேயே, "முதல்ல விழாம ஓட்டக் கத்துக்கிட்டு வா, அப்புறம் போர்டு பத்திப் பேசலாம்" என்றீர்கள். நான் கற்றுக்கொண்டு வரப் போனேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிகிறது, அந்தப் பலகையில் அதைக் கற்றுக்கொள்ளவே முடியாது. இன்னொருவருடைய கடையாக இருந்தால் எனக்குத் தெரியாது என்று விட்டுவிடலாம். உங்களுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாகத் தெரியும்.

பலகை வாங்கிவிட்டேன். நூற்று ஐம்பதுதான். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஒரு பெண் இருக்கிறாள். உயரத்தைக் கேட்பதற்கு முன் எடையைக் கேட்டாள். பலகையைக் கவிழ்த்துப் பூட்ஸை அதன்மேல் வைத்து, தரையில் படுக்காத குறையாகக் குனிந்து பார்த்தாள். எனக்காக ஒருவர் அப்படிக் குனிந்து பார்த்து இதற்குமுன் எனக்கு ஞாபகம் இல்லை.

பதினாறாம் தேதி ஒரியேவோடு போனேன். நடுச் சரிவில் கீழ்ப்பாதி செங்குத்தாக இருக்கும். அங்கே குதிகாலில் சாயும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு உதறலுக்குக் காத்திருப்பேன். அன்றும் காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த திருப்பத்திலும் வரவில்லை. பலகை பனியைப் பிடித்துக்கொண்டு ரயில் தண்டவாளத்தில் போவதுபோல் போனது. அடிவாரம் வரை ஒருமுறைகூட விழவில்லை. ஒரியே ஓடி வந்தாள்.

"என்ன அண்ணி, அழறீங்க?"

"அழல. கோவம் வருது."

அவ்வளவு சுலபமாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு பதினாறு வருஷத்தையும் ஒவ்வொன்றாக நினைத்துக் கொதித்தேன். கஷ்டமாக இருந்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

நான் மன்னிப்பேனா என்று ஒரியேவைக் கேட்கச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு முன் ஒன்று. சீசன் முடிகிற நாளில் நடக்கும் ஊர்ப் போட்டியில் ஒவ்வொரு வருஷமும் மைக் உங்கள் கையில் இருக்கும். நான் இறங்கும்போதெல்லாம், "வழிவிடுங்க, எங்க வீட்டு முள்ளங்கி மூட்டை உருண்டு வருது" என்பீர்கள். ஊரே சிரிக்கும். கடைசி வருஷம் நான் கீழே விழுந்து கிடக்கும்போது அதை இரண்டு தடவை சொன்னீர்கள், முதல் தடவை பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை என்று. எழுந்து பனியைத் தட்டிவிட்டு நேரே வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டினேன். இகுயோவுக்குப் பனி ஒத்துக்கொள்ளவில்லை, போய்விட்டாள் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறீர்களாம்.

என்னைப் பார்த்துச் சிரித்தது மைக்கில். தப்பு என்னுடையது என்று சொன்னது ஒட்டிய உறைக்குள், அதுவும் தங்கைக்கு. பெட்டியை ஏன் பிரிக்கவில்லை என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அளவு சொன்னதற்கு நன்றி. அது சரியாக இருந்தது.

இகுயோ


கனஸாவா
மார்ச் 3

அண்ணாவுக்கு,

நலமா? அண்ணி உனக்கு எழுதியதாகச் சொன்னார். என்ன எழுதினார் என்று சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. தபாலில் போட்டுவிட்டு வந்து இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார்.

இந்த வருஷமும் போட்டிக்கு வரமாட்டேன். நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குத் தெரியாது. எதுவும் செய்யவில்லை என்றால் எனக்கு எழுதாதே.

ஒரியே


கமிஸாவா
மார்ச் 24

இகுயோ அவர்களுக்கு,

இங்கே பனி இளகத் தொடங்கிவிட்டது. ஓடையில் சத்தம் கேட்கிறது. நீங்கள் நலமாக இருப்பீர்கள்.

உங்கள் கடிதத்துக்கு எழுத்தில் பதில் சொல்வது முறையில்லை என்று இவ்வளவு நாள் எழுதவில்லை. நேற்று போட்டி முடிந்தது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கடைசி ஆள் இறங்கியதும் மைக்கை வைக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். பன்றி இறைச்சி சூப்புக்கு வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இகுயோவை முள்ளங்கி மூட்டைன்னு இதே மைக்குல வருஷா வருஷம் சொன்னேன். அவ விழுந்தது அவ தப்பு இல்ல. போர்டு தப்பு. பிள்ளைங்க போர்டு, நூத்தி முப்பத்தெட்டு. அதைக் குடுத்தது நான்."

சிரித்தார்கள். வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். ஒகாதா சூப்புக் கரண்டியோடு கத்தினான், "என்ன ஷிகே, காலைலயே ஏத்திட்டியா?" இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அங்கே நின்றுகொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். இத்தனை வருஷம் அது உங்களுக்கு எந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று இரண்டாவது தடவை சொன்னேன். அவளுக்குப் பனி ஒத்துக்கலன்னு நான் சொன்னதும் பொய், இதே இடத்துல விழுந்து கிடந்தவளைப் பார்த்து நான் சிரிச்சேன், அதனாலதான் போனா என்றும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

அப்போது தோஃபு கடை ஹத்ஸுயோ அக்கா எழுந்தார். அறுபத்தொரு வயது. பலகையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து என் காலடியில் போட்டார்.

"அப்ப என்னோடதையும் அள."

"அக்கா, இப்பவா?"

"பின்ன? நான் போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறமா? இருபத்திரண்டு வருஷமா உன் கடையில குடுத்ததுலதான் உருளுறேன். முழங்கால் சரியில்லன்னு ரெண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கேன்டா. அள!"

அவர் கணவர், "வீட்டுல போய்ப் பேசிக்கலாம்மா" என்றார். "நீங்க பேசாதீங்க. உங்களுக்கு மட்டும் மூணு போர்டு எதுக்கு?" என்றார் அக்கா. அவர் சூப்பு அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

எடை தெரியாமல் அளக்க முடியாது, அக்கா என்றேன். ஒகாதாவின் மனைவி விடுதிக்குள் போய் வெந்நீர்க் குளியலறையில் இருக்கிற எடை இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பனிமேல் ஒரு பலகை போட்டு அதன்மேல் வைத்தார். ஹத்ஸுயோ அக்கா பூட்ஸோடு, ஹெல்மெட்டோடு ஏறி நின்று, மைக்கை என் கையிலிருந்து பிடுங்கி, "எழுபத்தாறு!" என்று மலை எதிரொலிக்கச் சொன்னார். ஒகாதாவின் மனைவி ஏறினார். தொடக்கப்பள்ளி டீச்சர் ஏறினார். தபால்காரரின் மகள் ஏறினாள். ஒவ்வொருத்தரும் எண்ணை மைக்கில் கத்தினார்கள். ஒருத்தரும் குறைத்துச் சொல்லவில்லை.

நான் பனியில் முழங்காலிட்டு ஒவ்வொரு பலகையாகக் கவிழ்த்துப் பூட்ஸை வைத்துப் பார்த்தேன். ஒன்பது பேர். சரியான பலகையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள், அந்த இரண்டும் வெளியூரில் வாங்கியவை. மற்ற ஏழும் என் கையால் கொடுத்தவை. கொடுக்கும்போது அவர்கள் வீட்டு ஆண்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அவர்களிடம் கேட்கவில்லை.

அடுத்த சீசனுக்கு ஏழையும் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் திருப்பி அனுப்பிய நூற்று ஐம்பது டீச்சருக்குச் சரியாக இருந்தது. அவர் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

எல்லோரும் போனபிறகு ஹத்ஸுயோ அக்கா மட்டும் நின்றார். "இகுயோ இப்ப எப்படி ஓட்டுறா?" என்று கேட்டார்.

"நல்லா ஓட்டுறாளாம்."

"நீ பார்த்தியா?"

"இல்லக்கா."

"பதினாறு வருஷம் கண்ணு முன்னால ஓட்டினாளே, அதையும்தான் பார்க்கல" என்று சொல்லிவிட்டுப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

பதில் எதிர்பார்த்து இதை எழுதவில்லை. உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

முரகோஷி ஷிகெனோரி